நண்டு வெளியே வரும்வரை



மாங்கனித் திருவிழா முடிந்து நம் காரைக்கால் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. பிச்சாண்டவர் வீதியுலா வந்த அன்று எங்கள் தெருப் பிள்ளைகள் துணிப்பையும் கையுமாக நின்றதைப் பார்த்தேன். மாடியிலிருந்து இறைக்கும் பழம் எந்தப் பக்கம் வரும், எவ்வளவு உயரத்தில் வளையும், எந்த அண்ணன் குறுக்கே கை நீட்டுவார் என்று ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டபடி கண்ணை எடுக்காமல் நின்றார்கள். அவர்களில் ஒருவன், வகுப்பில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டான் என்று வாரம் தவறாமல் புகார் வாங்குகிறவன். அன்றைக்கு அவன் நின்ற நிற்பை அவன் டீச்சர் பார்த்திருக்க வேண்டும்.

இந்த மாதம் பிள்ளைகளின் கவனத்தைப் பற்றி எழுதக் காரணம் நீங்கள் அனுப்பிய கடிதங்கள்தான். கோட்டுச்சேரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகளுக்கு ஆறு வயது. எதிலும் மனம் நிற்பதில்லையாம். சாப்பிடும்போது போன், போனைப் பார்க்கும்போதே டிவி. குழந்தைகளுக்கான மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு ஒன்று ஆன்லைனில் இருக்கிறது, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தருகிறார்கள், சேர்க்கலாமா என்று கேட்டிருந்தார். இதே மாதிரி இன்னும் சிலரும் கேட்டிருக்கிறீர்கள்.

சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் விருப்பம். போன் பிடியிலிருந்து பிள்ளையை மீட்க இன்னொரு போன் வகுப்பா என்று மட்டும் எனக்கு ஒரு சந்தேகம். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அரசலாற்று முகத்துவாரத்துக்குப் போய்வாருங்கள். நீர் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போகவேண்டும். எப்போது வற்றும் என்று படகுக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

கடற்கரைக்குப் போகும் சாலையோரமாகவே ஆறு வருகிறது. கும்பகோணம் வழியாக வந்த ஆறு இங்கே அகலமாகி, அவசரமில்லாமல் கடலில் சேர்கிறது. கரையில் அலையாத்திச் செடிகள் நிற்கும் இடத்தில், சேற்றைக் குத்திக்கொண்டு விரல் விரலாக மூச்சுவேர்கள் மேலே நீட்டியிருக்கும். அவற்றின் நடுவில் சேறு முழுக்கச் சின்னச் சின்ன நண்டு வளைகள். நாம் போய் நின்றதும் ஒன்றையும் காணோம், வெறும் சேறு. பிள்ளைகள் உடனே, “ஒண்ணுமே இல்லையே அத்தை” என்பார்கள். அப்போது பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட வேண்டும். பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும்.

உட்காரச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த நண்டுக்குக் கண் இரண்டும் காம்பின் மேல் இருக்கின்றன. தன் கண் மட்டத்துக்கு மேலே அசைவது எதுவானாலும் அதற்குக் கொக்கு மாதிரிதான், எதிரி. நின்றால் நாம் கொக்கு. குந்தினால் கொஞ்சம் பரவாயில்லை. அசையாமல் குந்தினால் கரையோடு கரையாகிவிடுகிறோம். முதல் ஒரு நிமிடம் எதுவும் நடக்காது. இரண்டாவது நிமிடத்தில் பிள்ளை நெளியும். அதன்பிறகு ஒரு வளையின் வாயில் ஏதோ பளபளக்கும். ஒரு கண் வரும், பிறகு கால்கள், பிறகு உடம்பைவிடப் பெரிதாக ஒரே ஒரு கொடுக்கு. பெரிய கொடுக்கு ஆணுக்கு மட்டும்தான். பெண்ணுக்கு இரண்டுமே சிறியவை. ஒன்று வந்துவிட்டால் அக்கம்பக்கத்து வளைகளிலும் தைரியம் வந்துவிடுகிறது. பத்து, இருபது, பிறகு எண்ண முடியாது. ஆண் நண்டுகள் பெரிய கொடுக்கை மேலே தூக்கித் தூக்கி ஆட்டத் தொடங்கும். பெண்ணை அழைக்கவும் பக்கத்து வளைக்காரனை எச்சரிக்கவும் அந்தச் சைகைதான். சின்னக் கொடுக்கால் சேற்றை அள்ளி வாயில் போட்டு, சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உருண்டையாகக் கீழே வைத்துவிட்டு நகர்கின்றன.

போன கோடை விடுமுறையில் தெருப் பிள்ளைகள் சிலரை அங்கே கூட்டிப்போயிருந்தேன். ஒரு பெண் குழந்தை மெதுவாக என் காதில் சொன்னாள்: “அத்தை, இதுக்குப் பெரிய கை இந்தப் பக்கம் இருக்கு. அதுக்கு அந்தப் பக்கம்.” அவள் சொன்னது சரி. சில நண்டுகளுக்கு வலப்பக்கம் பெரிது, சிலவற்றுக்கு இடப்பக்கம். அவள் இடதுகைப் பழக்கம் உள்ளவள். அதற்காக வீட்டில் திட்டு வாங்குகிறவள். அதன்பிறகு அவள் இடதுகை நண்டுகளை மட்டும் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த பையன் தும்மினான். அவ்வளவுதான், சேறு மறுபடியும் வெறும் சேறாகிவிட்டது. யாரும் அவனைத் திட்டவில்லை. திரும்ப வரட்டும் என்று எல்லாரும் தாமாகவே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதைக் கொஞ்சம் பெருமையோடு இங்கே பதிவுசெய்கிறேன். நாள் முழுவதும் சொற்களோடு மாரடிக்கிற எனக்கு அது லேசான காரியமில்லை.

இதில் பிள்ளைக்கு யாரும் பொறுமையைப் பாடமாக நடத்தவில்லை. அசைந்தால் நண்டு போய்விடும், அசையாமல் இருந்தால் வரும். சொன்னதைச் செய்தால் கிடைக்கும் நட்சத்திர ஸ்டிக்கரைவிட இது பிள்ளைக்கு நன்றாகப் புரிகிறது, ஏனென்றால் நண்டு யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

மரியா மாண்டிசோரி பெயரைப் போட்ட பள்ளிகள் இன்று தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைக்கு வந்து இறங்கியபோது அவருக்கு வயது 69. உலகப் போர் மூண்டு, இத்தாலிக்காரர் என்பதால் திரும்பிப் போக முடியாமல் 1946 வரை நம் நாட்டிலேயே தங்கிவிட்டார். அதில் சுமார் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்தார். அங்கே பிள்ளைகளோடு செடியும் பூச்சியும் நீர்நிலையும் பார்த்து வகுத்ததுதான், உலகத்தை முழுதாகப் பார்க்கச் சொல்லித் தரும் அவருடைய பிற்காலக் கல்விமுறைக்கு அடித்தளம். அதற்கெல்லாம் முன்பே ரோமாபுரியில் அவர் கண்டுபிடித்த ஒரு விளையாட்டு உண்டு. பிள்ளைகள் எல்லாரும் சத்தமே வராமல் உட்கார வேண்டும். கடிகாரம் துடிப்பதும் வெளியில் ஒரு பறவை கத்துவதும் காதில் விழும் அளவுக்கு அறை அமைதியாகும். பிறகு ஆசிரியை பின்னாலிருந்து ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுப்பார். பெயர் காதில் விழுந்த பிள்ளை நாற்காலி நகரும் ஓசைகூட இல்லாமல் எழுந்து வரவேண்டும். இந்த மௌன விளையாட்டில் பிள்ளைக்குத் தண்டனை இல்லை, உபதேசம் இல்லை. தன் பெயர் எப்போது வரும் என்ற ஆவல் இருக்கிறது. அந்த ஆவல் போய்விட்டால் அது ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’தான். நாமெல்லாம் பார்க்காததா?

பள்ளிகளில் மைண்ட்ஃபுல்னஸ் சொல்லித் தருவது உலகம் முழுக்க நடக்கிறது. டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் மழலையர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ தொடங்கினார்கள். அதில் கவனப் பயிற்சியும் ஒரு பகுதி. பிரிட்டனில் 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000க்கும் அதிகமான பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2022இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் 11 வயதிலிருந்து 13 வயதுவரை உள்ள பிள்ளைகள். வகுப்பறையில் மைண்ட்ஃபுல்னஸ் பாடம் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் மனநலத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அந்தப் பயிற்சியைச் செய்யவே இல்லையாம். ஆசிரியர்களுக்கு மட்டும் களைப்பும் சலிப்பும் ஓரளவு குறைந்ததாகத் தெரிந்தது. வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது, நாள் முழுக்க ஓடிக் களைத்த பெரியவர்களுக்கு ஏற்ற மருந்து. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கண்ணைத் திறந்து பார்க்கவே இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறது. அந்த ஆய்வு ஆற்றங்கரைக்குப் போன பிள்ளைகளைப் பற்றியதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். நண்டு பார்த்தால் மனநலம் கூடும் என்று அதைக் காட்டி நான் வாதிட முடியாது. வற்புறுத்தல் பயன் தராது என்பதைத்தான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் அளந்து பார்த்த சேதி. சீனாவில் குவாங்சோ நகரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் அவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. கூடுதல் நேரம் இல்லாமல் வழக்கம்போல் இருந்தவர்களில் சுமார் 40 சதவீதம். 2015இல் வெளியான ஆய்வு இது. மனம், கவனம் என்றால் காது கொடுக்காத அப்பாக்கள், கண்ணாடிச் செலவு மிச்சம் என்றால் ஒருவேளை எழுந்து வருவார்கள்.

சரி, பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். போன இடத்தில் கெடுப்பது யார் தெரியுமா? நாம்தான். வாய்க்கால் மேட்டில் ஒரு மடையான் நிற்கும். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். சாம்பலும் பழுப்புமாகச் சேற்று நிறத்தில் குறுகி நிற்பது, பறந்ததும் பளிச்சென்று வெள்ளையாகிவிடுகிறதே என்று அதன் மனசுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து அப்பா, “அது என்ன பறவை சொல்லு பார்ப்போம்? இங்கிலீஷ்ல என்ன?” என்பார். அத்தோடு பறவை போய்விட்டது, பரீட்சை வந்துவிட்டது. அம்மா ஒரு பக்கம், “அங்கேயே நில்லு, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்” என்பார். பிள்ளை பறவைக்கு முதுகைக் காட்டிச் சிரிக்கும்.

பெயர் தெரியவேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளை தானாகக் கேட்கும்போது சொல்லுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் இன்னும் நல்லது, இரண்டு பேரும் சேர்ந்து யாரையாவது கேட்கலாம். அமெரிக்காவில் ரேச்சல் கார்சன் என்று ஒரு கடல் உயிரியலாளர் இருந்தார். பூச்சிமருந்தின் கேட்டை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான். தன் சகோதரி வழிப் பேரப்பிள்ளையைத் தத்தித் தத்தி நடக்கும் வயதிலிருந்தே கடற்கரைக்கும் காட்டுக்கும் கூட்டிப்போனதை 1956இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் கட்டுரையாக எழுதினார். இரவில் டார்ச் லைட்டோடு மணல் நண்டு தேடிப் போனதெல்லாம் அதில் வருகிறது. துறையில் கரைகண்டவர் அவர். இருந்தும் பிள்ளைக்குப் பாடம் எடுக்கவில்லை. தனக்கு வியப்பாக இருந்ததை வியப்பாகவே காட்டினார். நமக்கும் அது முடியும். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை.

நண்டு மட்டும்தானா என்று கேட்பீர்கள். இந்த மாதம் அதைவிடப் பெரிய காட்சி ஒன்று ஊர் ஊராக வந்துகொண்டிருக்கிறது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தால், கடைமடையான நமக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். காவிரித் தீர்ப்பில் நமக்குக் கிடைத்த 7 டிஎம்சி பற்றிப் பெரியவர்கள் மேடையில் பேசுவார்கள். பிள்ளைகளுக்குப் பேச்சு வேண்டாம். திருநள்ளாறு பக்கமோ நெடுங்காடு பக்கமோ காய்ந்து கிடக்கும் வாய்க்காலில், முதல் தண்ணீர் வருகிற அன்று கரைமேல் நிற்க வையுங்கள். ஆறு பாய்ந்து வரும் என்று எதிர்பார்த்துப் பிள்ளைகள் நிற்பார்கள். வருவதோ சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு, சாண் சாணாக நகரும் ஒரு கலங்கல் விளிம்பு. வெடித்த மண்ணில் அது இறங்க, வெடிப்புகளிலிருந்து காற்றுக் குமிழி குமிழியாகக் கிளம்பும். எறும்பு வெள்ளை வெள்ளையாக முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடும். பூச்சி வெளியேறுவது தெரிந்து மைனாக்கள் தண்ணீருக்கு முன்னால் முன்னால் நடந்தே வரும். தண்ணீரோடு கூடவே பிள்ளைகளும் நடக்கலாம். அதன் வேகம் நான்கு வயதுப் பிள்ளையின் நடைக்குச் சரியாக இருக்கிறது. வீடு திரும்பியபின் என்ன பார்த்தாய் என்று கேட்டால், ஒரு பிள்ளை எறும்பு என்னும், இன்னொன்று குமிழி என்னும், மூன்றாவது செருப்பு மிதந்து வந்தது என்னும். மூன்றுமே சரி.

குளங்களைச் சொல்லாமல் விட முடியாது. 2019இல் மழை பொய்த்து ஊர் தவித்த நேரத்தில், அப்போதைய ஆட்சியர் விக்ராந்த் ராஜா முன்னின்று நடத்த, ‘நம் நீர்’ என்ற பெயரில் நம் மாவட்டத்தில் 178 குளங்களைச் சில மாதங்களில் தூர் வாரினார்கள். நம்மில் பலரும் அதில் ஒரு கை மண் அள்ளியிருப்போம். அந்தக் குளங்களில் உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருப்பது இன்று எப்படி இருக்கிறது என்று பிள்ளையோடு போய்ப் பாருங்கள். ஒரே குளம், ஒரே படித்துறை, வாரம் ஒரு முறை போதும். தட்டான் எப்போது கூட்டமாக வருகிறது, அல்லி எந்த நேரம் விரிகிறது, தண்ணீர் எந்தப் படிவரை நிற்கிறது என்பதெல்லாம் தானாகப் பதியும். புதுப்புது இடமாகச் சுற்றிக் காட்டுவதைவிட ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். போன வாரம் பார்த்ததை இந்த வாரமும் பார்த்தால்தான் மாறியது எது என்று பிள்ளைக்குத் தெரியும்.

இதில் கடற்கரைக் கிராமத்துப் பிள்ளைகள் நமக்கு அண்ணன்மார். கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் விவரம் தெரிந்த பையனைக் கேட்டால், முகத்தில் படும் காற்றை வைத்தே வாடையா கொண்டலா கச்சானா என்று சொல்லிவிடுவான். கவனம் அங்கே குடும்பத் தொழிலின் பாகம். கவனிக்காதவர் கரைக்குத் திரும்புவது கடினம். நகரத்துப் பள்ளிகள் ஒரு நாள் அந்தப் பிள்ளைகளை ஆசிரியர்களாக அழைத்தால் என்ன? 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இதே கரையில் பல வீடுகளில் பிள்ளைகளைக் கடல் பக்கம் விடுவதையே நிறுத்தினார்கள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று அப்பா அம்மா. அவர்களில் யாராவது தங்கள் பிள்ளையை மறுபடி கரைக்குக் கூட்டிப்போன கதை இருந்தால் எழுதுங்கள். அவசரமில்லை, மனம் வரும்போது எழுதினால் போதும்.

இப்போது கசப்பான விஷயம். நம் ஊர் எல்லைக்கு வெளியில் மதுவுக்குப் பேர்போனது என்பது உங்களுக்குத் தெரியும். அதன் மிச்சம் கடற்கரை மணலிலும் வாய்க்கால் கரையிலும் உடைந்து கிடக்கிறது. செருப்பில்லாமல் மணலில் ஓடுவது பிள்ளைக்கு எவ்வளவு நல்லது என்று பக்கம் பக்கமாக எழுதலாம். பாட்டில் சில்லு கிடக்கும் மணலில் ஓடவிட எனக்கு மனசு வரவில்லை. எனவே செருப்போடு போங்கள். குளத்துக்கும் ஆற்றுக்கும் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் பிள்ளையை அனுப்பவே அனுப்பாதீர்கள். தூர் வாரிய குளத்தில் ஆழம் எங்கே தொடங்குகிறது என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. முகத்துவாரத்தில் சேறு இழுக்கும், கரையிலேயே உட்காருங்கள். புதருக்குள் கை விடக்கூடாது என்பதைக் கற்றுக்கொடுத்துவிடுங்கள். ஆனி வெயிலில் பத்து மணிக்கு மேல் யாருக்கும் எதன் மேலும் கவனம் நிற்காது, பெரியவர்களுக்கும்தான். ஆறு மணிக்குப் போய் எட்டு மணிக்கு இட்லிக்குத் திரும்பிவிடுங்கள்.

ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷிவேலி பள்ளியில், மாலையில் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பேசாமல் பார்க்கும் வழக்கம் உண்டு. நமக்கு அது தலைகீழ். சூரியன் கடலிலிருந்து எழுந்து வயல்வெளியில் போய் மறைகிறது. காலையில் கடற்கரைக்கு நடக்க வருபவர்கள் கூடவே பிள்ளையையும் அழைத்துவந்தால் செலவில்லாமல் நடக்கிற காரியம். கூட வந்த பிள்ளைக்கு உதயம் பார்ப்பதில் மனம் போகாமல், காற்றில் உருண்டோடும் இராவணன் மீசைப் பந்தைத் துரத்தத் தோன்றினால், துரத்தட்டும். அந்த முள்பந்து எங்கே நிற்கும், ஏன் அங்கே நின்றது, அதற்குள் விதை இருக்கிறதா என்று அதுவே நின்று பார்க்கும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு இருக்கும் சுமை எனக்குத் தெரியும். வாரத்தில் ஒரே ஒரு பாடவேளை, பள்ளி வளாகத்துப் பூவரசு மரத்தடியிலாவது பிள்ளைகளை விடுங்கள். இலையைச் சுருட்டிப் பீப்பி ஊத ஆளுக்கொரு இலை. ஊதி முடித்தபின் அதே இலையைப் பிரித்து நரம்பு ஓடும் வழியைப் பார்க்கச் சொல்லலாம். சத்தம் வரத்தான் செய்யும். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

கோட்டுச்சேரி வாசகிக்கு: அம்மா, உங்கள் மகளோடு முதல் முறை போகும்போது அவள் இரண்டு நிமிடத்தில் எழுந்து, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லக்கூடும். போய்விடுங்கள். அடுத்த வாரம் மறுபடி வாருங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டியது அவள் மட்டுமல்ல, நீங்களும்தான்.

அடுத்த இதழிலிருந்து பிள்ளைகளுக்காக அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். பத்து வயதுக்குட்பட்டவர்கள் தாங்கள் நேரில் பார்த்த ஒரே ஒரு உயிரைப் பற்றி எழுதியோ வரைந்தோ அனுப்பலாம். நண்டு, எறும்பு, ஓணான், அடம்புப் பூ, எதுவானாலும் சரி. எங்கே, எந்த நேரத்தில் பார்த்தது என்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். கூகுளில் பார்த்து வரைந்த புலி, சிங்கம் வேண்டாம். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழகுபடுத்த வேண்டாம், எழுத்துப் பிழையையும் திருத்த வேண்டாம். நாங்களும் திருத்தப் போவதில்லை. ஆடிப் பெருக்குக்குள் வந்து சேரும்படி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்